கோலாலம்பூரில் எங்கே சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது: அடிக்கடி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேலை விஷயமாக அடிக்கடி கேஎல் வந்து போகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று ஆள் மாற்றி ஆள் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக டைப் அடித்து மாளவில்லை, அதனால் எல்லாம் ஒரே இடத்தில். பினாங்கு பற்றியும் கொஞ்சம் இருக்கிறது. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், ஆகவே ஊர்ப்பாசம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

கேஎல்லில் நல்ல கடை ஒன்று சொல்லுங்களேன்?

எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், சொல்கிறேன். கிண்டல் இல்லை. இந்த ஊரில் ஒரே கடை காலையில் பிரமாதமாகவும் மதியம் சுமாராகவும் இருக்கும், ஒரே மேசை நாற்காலியில் பகலில் ஒருவர் மீ (நூடுல்ஸ்) விற்பார், பொழுது சாய்ந்ததும் வேறொருவர் வந்து சாத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) சுடுவார். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கடைப் பெயரைக் குறித்துக்கொண்டு தங்களுக்கு வசதியான நேரத்தில் போகிறார்கள், அப்புறம் "ஒன்றும் பெரிதாக இல்லையே" என்கிறார்கள்.

காலையில் பசியாற என்றால் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் காரச் சம்பலும். சாலையோரம் ஒரு மேசை, ஒரு குடை, வாழை இலையும் பழுப்புக் காகிதமும் சுற்றிய பொட்டலங்கள், அவ்வளவுதான் கடை. ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் போனால் மேசையே இருக்காது. ரொட்டி சானாயும் (நம் பரோட்டா மாதிரி) தோசையும் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், நாள் முழுக்கக் கிடைக்கும், ஆனால் காலையில் கல்லுக்கு ஓய்வே இல்லாமல் வேலை நடக்கும்போது வருகிற ரொட்டி வேறு, மதியம் முன்பே போட்டு அடுக்கி வைத்துச் சூடு காட்டித் தருகிற ரொட்டி வேறு. வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டரைக்கு மேல் பாகற்காய் வறுவல் தீர்ந்து, ரசம் அடியில் கலங்கி, பரிமாறுகிறவருக்கும் அலுப்பு வந்திருக்கும். சாயங்காலம் மூன்று, நான்கு மணிக்குப் பலகாரம்: வடை, பீசாங் கோரேங் (வாழைப்பழ பஜ்ஜி), குவே (மலாய்ப் பலகாரம்). இரவில் சாத்தே, சார் கொய்த்தியோ (பிரட்டிய தட்டை அரிசி நூடுல்ஸ்), கரி அடுப்பில் பிரட்டும் ஹொக்கியன் மீ. நள்ளிரவில் மறுபடியும் மாமாக்.

கூட்டம் முடிந்து மூன்று மணிக்குப் பசியோடு வெளியே வருகிறீர்கள் என்றால் புகழ்பெற்ற வாழையிலைக் கடையைத் தேடி ஓடாதீர்கள். பக்கத்தில் எங்கே எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறதோ அங்கே போங்கள்.

கூகுள் மேப்பில் 4.6 ஸ்டார் என்று இருந்தால் போதாதா?

போதாது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் சுற்றுலாப் பயணிகள் எங்கே போகிறார்கள் என்பதுதான் தெரியும். நான் பார்ப்பது வேறு. முதலில் புதிய விமர்சனங்களை மேலே வரும்படி அடுக்கிவிடுவேன், ஏனென்றால் இங்கே சமையல்காரர் ஒருவர் மாறினால் கடையே மாறிவிடும். அடுத்து, சாப்பிட்டவர்கள் எடுத்த படங்கள். எல்லா மேசையிலும் ஒரே ஒரு பண்டம் இருக்கிறது என்றால் அந்தக் கடையில் அதைத்தான் சாப்பிட வேண்டும், மற்றதெல்லாம் பட்டியலை நிரப்பப் போட்டது. அப்புறம் மலாயில் எழுதிய விமர்சனங்களைத் தேடுங்கள். "செடாப்" என்றால் ருசி, "பெராத்தூர்" என்றால் வரிசையில் நிற்பது. இரண்டும் ஒரே விமர்சனத்தில் வந்தால் போய்ப் பார்க்கலாம். ஒரு ஸ்டார் கொடுத்தவர்களின் கோபத்தையும் படியுங்கள்: "இடம் சூடு, வரிசை நீளம், முதலாளி முறைக்கிறார்" என்று திட்டியிருந்தால் எனக்கு அது சிபாரிசு மாதிரிதான். "மீன் நாறியது", "பில்லில் விலை மாறியது" என்றால் போகமாட்டேன்.

மூடும் நேரத்தை மட்டும் மேப்பில் நம்பவே நம்பாதீர்கள். பத்து மணி வரை என்று போட்டிருக்கும், எட்டரைக்கே சட்டி கழுவிக்கொண்டிருப்பார்கள்.

யாரிடம் விசாரிப்பது? ஹோட்டல் வரவேற்பில் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் "நல்ல கடை எது" என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்து குளிர்சாதனம் போட்ட இடம் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். கேள்வியை மாற்றுங்கள்: "நீங்கள் இன்றைக்குக் காலையில் எங்கே பசியாறினீர்கள்?" பாதுகாவலர், கிராப் (செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்) ஓட்டுநர், நீங்கள் போகிற அலுவலகத்தில் மேசை நடுவில் பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிற பெண்கள், இவர்களிடம் இதைக் கேட்டால் வருகிற பதில் தங்கம். கிராப் ஓட்டுநரிடம் இன்னொன்றும் கேட்கலாம்: இரவில் பணி முடிந்து எங்கே உட்காருவீர்கள் என்று. அவர் ஒரு கடைக்குப் பதில் மூன்று கடை சொல்லி, எதில் எதைச் சாப்பிட வேண்டும் என்பதற்கும் சேர்த்துச் சண்டை போடுவார்.

ஒன்று கவனித்திருக்கலாம், மலாய்க்காரரிடம் கேட்டால் மலாய்க் கடை, சீனரிடம் கேட்டால் சீனக் கடை, நம்மவரிடம் கேட்டால் நம் கடை. அதனால் நம் ஆட்களிடமே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் பாதி ஊரைச் சாப்பிடாமலே திரும்புவீர்கள்.

புக்கிட் பிந்தாங்கில் தங்குகிறேன். ஜாலான் ஆலோர் எப்படி?

தெரு நெடுக உணவுக்கடைகள் உள்ள இடம் அது, ஒரு தடவை வேடிக்கை பார்க்கப் போகலாம். கையில் பட அட்டையை வைத்துக்கொண்டு வழி மறித்துக் கூப்பிடுகிற கடையில் உட்காராதீர்கள், எந்த ஊரிலும் இது பொருந்தும். அதே பகுதியில் லாட் 10 கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஹூத்தோங் என்ற உணவு வளாகம் இருக்கிறது, பழைய சீன அங்காடிக் கடைகள் பலவற்றின் கிளைகளை ஒன்றாக உட்கார வைத்திருக்கிறார்கள். மழை நேரத்தில், ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்ற நிலையில் அது உதவும். பன்றி இறைச்சி பல கடைகளில் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கேஎல்லின் லிட்டில் இந்தியாவான பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கும்போது வேறு இடம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை இட்லி சாப்பிடுகிறவர்கள். தவறில்லை, ஆனால் சென்னையில் கிளை வைத்திருக்கிற கடையின் கேஎல் கிளைக்குப் போய் சென்னை இட்லியோடு ஒப்பிட்டுக் குறை சொல்வதற்கு விமான டிக்கெட் எதற்கு?

பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிட வேண்டியது மலேசியத் தமிழர் சமையல். கேஎல் சென்ட்ரலில் இறங்கி நியூ சென்ட்ரல் வணிக வளாகம் வழியாக நடந்தால் ஜாலான் துன் சம்பந்தன், அங்கிருந்து ஜாலான் தம்பிப்பிள்ளை, ஜாலான் ஸ்காட் எல்லாம் நடக்கிற தூரம்தான். இங்கே வாழையிலைச் சாப்பாடு என்றால் சோறு, மூன்று நான்கு காய், அப்பளம், ரசம், மோர் ஒரு விலை. மட்டன் பிரட்டல், மீன் பொரியல், நண்டு எல்லாம் தனி விலை. காயும் சோறும் கேட்கக் கேட்க வரும். குழம்பு எது வேண்டும் என்று கேட்பார்கள், "கலந்து ஊற்றுங்கள்" என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பாகற்காய் வறுவலும் மோர் மிளகாயும் நன்றாக இருக்கிற கடையில் மற்றதும் நன்றாக இருக்கும் என்பது என் கணக்கு, இதுவரை பெரிதாகப் பொய்த்ததில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸைத் தாண்டி வந்தால் மஸ்ஜித் ஜமேக் நிலையத்துக்குப் பக்கத்தில் லெபோ அம்பாங், செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த தெரு, அங்கேயும் நம் சாப்பாடு உண்டு. அதற்கு எட்டுகிற தூரத்தில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா. பங்சாரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் நல்ல வாழையிலைக் கடைகள் இருக்கின்றன, இவை உள்ளூர் அலுவலகக் கூட்டம் மதியம் நிரம்பி வழிகிற இடங்கள். பங்சார் கடைகளில் எல்லா இனத்தாரும் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் விழிப்பாக இருக்க வேண்டும். இங்கே பல கடைகளில் சைவம் என்றால் கறித்துண்டு கண்ணுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

முக்கியமான எதிரி பெலாச்சான், அதாவது இறாலைப் புளிக்க வைத்து அரைத்த விழுது. நாசி லெமாக் சம்பலில் நெத்திலியோடு அதுவும் பெரும்பாலும் இருக்கும், கீரை வதக்கலில் இருக்கும், பல குழம்புகளில் இருக்கும், வாசனை பழகாதவருக்குத் தெரியாது. சீனக் கடைக் காய்கறி வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். மாமாக் கடையில் ரொட்டியோடு வருகிற பருப்பின் மேல் கேட்காமலே ஒரு கரண்டி மீன் குழம்பை ஊற்றிவிடுவார்கள், "பருப்பு மட்டும், குழம்பு வேண்டாம்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தால்ச்சா என்று எழுதியிருந்தால் அதில் எலும்பு இருக்க வாய்ப்பு அதிகம். ரொட்டி மாவில் முட்டை போடுகிற கடையும் உண்டு, போடாத கடையும் உண்டு.

மலாய்க் கடையில் "வெஜிடேரியன்" என்ற சொல்லை நம்பி உட்காராதீர்கள். "தாக் மாவ் டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங், பெலாச்சான்" என்று பட்டியலாகச் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன், இறால், பெலாச்சான் எதுவும் வேண்டாம். முட்டையும் ஆகாது என்றால் "தெலூர்" சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் லெபோ அம்பாங் பக்கத்திலும் முழுச் சைவக் கடைகள் இருப்பதால் அடிப்படைக் கவலை இல்லை. நம் ஆட்கள் எட்டிப் பார்க்காத இன்னொரு உலகம் சீனச் சைவக் கடைகள். பௌத்தர்கள் நடத்துவது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடைகள் நிறைய. சோயாவிலும் காளானிலும் மீனும் வாத்தும் செய்து அடுக்கியிருப்பார்கள், முதலில் பார்க்கிறபோது பதறத்தான் செய்யும், அசல் இல்லை. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், நம் கணக்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள், பல சீனர்கள் சைவம் சாப்பிடுவார்கள். அன்றைக்கு இந்தக் கடைகளில் வகையும் அதிகம், கூட்டமும் அதிகம், மதியம் சீக்கிரம் போய்விட வேண்டும்.

மாட்டிறைச்சி, ஹலால் விஷயம்?

மாமாக் கடையிலும் மலாய்க் கடையிலும் மாட்டிறைச்சி சாதாரணம், கறி என்று பொதுவாகக் காட்டி வாங்காமல் ஆடா மாடா என்று கேளுங்கள். மாட்டுக்கு "லெம்பு", ஆட்டுக்கு "கம்பிங்". முஸ்லிம் நண்பரோடு போகிறீர்கள் என்றால் அரசாங்க இஸ்லாமியத் துறையான ஜாக்கிமின் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "பன்றி இல்லை" என்று எழுதி வைத்திருப்பதும் ஹலாலும் ஒன்றல்ல.

மாமாக் கடையில் டீ, காப்பி, குடிநீர் எப்படிக் கேட்பது? எல்லாம் ஒரே இனிப்பாக இருக்கிறதே.

தே தாரேக் என்றால் கெட்டிப்பாலில் ஆற்றிய தேநீர், அந்த இனிப்பு அந்தப் பாலிலிருந்து வருவது. "குராங் மானிஸ்" என்றால் இனிப்பைக் குறைப்பார்கள், குறைத்த பிறகும் நம் ஊர் டீயைவிட இனிக்கும். "தே ஓ" பால் இல்லாதது, "தே ஓ கோசோங்" பாலும் சர்க்கரையும் இல்லாதது, "தே சி" இனிப்பில்லாத ஆவிப்பால் சேர்த்தது. கோப்பிக்கும் இதே கணக்கு. குடிநீர் தானாக மேசைக்கு வராது, "ஆயர் சுவாம்" என்று கேட்டால் வெதுவெதுப்பாக வரும், சில கடையில் அதற்கும் சில்லறை வாங்குவார்கள். கட்டிக்கொண்டு போக "புங்குஸ்" என்று சொன்னால் போதும். கூப்பிட "அண்ணே" நன்றாக வேலை செய்யும், பரிமாறுகிறவர் ராமநாதபுரமாகவே இருக்கலாம், வங்காள தேசத்துத் தம்பியாகவும் இருக்கலாம், இரண்டு பேருமே அதற்குத் திரும்புவார்கள்.

சீனக் கோப்பிக்கடையில் ஐந்தாறு ஒட்டுக்கடை இருக்கிறது, யாரிடம் காசு கொடுப்பது?

யாரிடம் வாங்குகிறீர்களோ அவரிடம். தட்டு மேசைக்கு வரும்போதே காசு கேட்பார்கள், அதனால் சின்ன நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். பானம் மட்டும் கடை முதலாளியுடையது, அவருடைய ஆள் வந்து கேட்கும்போது ஏதாவது ஒன்று சொல்லிவிட வேண்டும், அதுதான் மரியாதை. மேசையில் எண் இருந்தால் அதைச் சொல்லி ஆர்டர் செய்யுங்கள். காலி மேசை இல்லையென்றால் அடுத்தவர் மேசையில் கேட்டுவிட்டு உட்காரலாம், தனியாக வருகிறவர்களுக்கு இதைவிட வசதி இல்லை.

பில்லில் ஏமாற்றுவார்களா?

பெரும்பாலும் இல்லை. சிக்கல் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, கடல் உணவுக் கடை: மீனுக்கும் நண்டுக்கும் 100 கிராமுக்கு என்று விலை போட்டிருப்பார்கள், அல்லது விலையே போடாமல் "இன்றைய விலை" என்றிருக்கும். நிறுத்துக் காட்டி, மொத்தம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கேட்ட பிறகுதான் சமைக்கச் சொல்ல வேண்டும். இரண்டு, நாசி கண்டார், அதாவது சோற்றோடு பலவகைக் குழம்பும் கறியும் தரும் தமிழ் முஸ்லிம் சாப்பாடு: கை காட்டியதையெல்லாம் தட்டில் வைப்பார்கள், பெரிய இறாலும் மீன் தலையும் முட்டைக் கணவாயும் சேர்ந்தால் தொகை சட்டென்று ஏறிவிடும். கை காட்டும்போதே விலை கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள்.

குளிர்சாதன உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், ஒன்று சேவைக் கட்டணம், வழக்கமாக 10 விழுக்காடு, இன்னொன்று அரசாங்க சேவை வரி. 2024 மார்ச்சில் சேவை வரி பொதுவாக 8 ஆக ஏறியபோதும் உணவு, பானத்துக்கு 6 விழுக்காடாகவே விட்டுவிட்டார்கள். ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடைகளுக்குத்தான் அந்த வரி, ஒட்டுக்கடைக்காரர் கேட்க மாட்டார். டிப்ஸ் வைக்கிற பழக்கம் இங்கே இல்லை.

மிஷ்லின் பட்டியலைப் பின்பற்றலாமா?

கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சேர்த்து உணவகங்களுக்கு நட்சத்திரம் தருகிற மிஷ்லின் கையேட்டின் முதல் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. நட்சத்திரம் வாங்கிய கடைகள் சிலவற்றுக்கு நிறுவனச் செலவில் வாடிக்கையாளரைக் கூட்டிப் போகலாம், உள்ளூர் காட்டுக் கீரையையும் பழத்தையும் வைத்துச் சமைக்கிற டேவாக்கான் அடுத்த பதிப்பில் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. ஆனால் சொந்தக் காசில் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கையேட்டில் பயன்படுவது "பிப் கூர்மோன்" பகுதி, குறைந்த விலையில் நல்ல சாப்பாடு தருகிற கடைகள், அங்காடிக் கடைகளும் அதில் இருக்கின்றன. ஒரே குறை, பட்டியல் வந்ததும் வரிசை இரண்டு மடங்காகிவிடும். நான் அந்தக் கடைக்கு நான்கு கடை தள்ளி, அதே பண்டத்தை இன்னும் பொறுமையாகச் செய்கிறவரைத் தேடுவேன்.

பினாங்குக்கு ஒரு நாள்தான் கிடைக்கிறது. எதை விடக்கூடாது?

நாசி கண்டார். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடி மாதிரி ஒரு தடியைத் தோளில் வைத்து, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றது, இன்றைக்கு நாடே சாப்பிடுகிறது. ஜார்ஜ் டவுனில் லெபோ கேம்பலில் உள்ள ஹமீதியா 1907 முதல் இருக்கிறது, பினாங்கு ரோட்டில் சந்துக்குள் லைன் கிளியர். எது உசத்தி என்று பினாங்குக்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள், உங்கள் ரயில் போய்விடும். "பாஞ்சிர்" என்று சொன்னால் சோறு மிதக்கிற அளவு குழம்பு, எல்லாவற்றையும் கலந்து ஊற்றுவார்கள். கலந்தால்தான் ருசி, தனித்தனியாக ஊற்றச் சொல்லாதீர்கள்.

லெபோ பாசார், லெபோ குயின் பக்கம் லிட்டில் இந்தியா, 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் அங்கேதான். மதியத்துக்கு மேல் அசாம் லக்சா: மீனை வேகவைத்து உதிர்த்துப் புளிப்பாகச் செய்கிற சூப்பு, தேங்காய்ப்பால் கிடையாது, தேங்காய்ப்பால் லக்சாவை எதிர்பார்த்துப் போனால் முதல் வாயில் திடுக்கிடுவீர்கள். ஹொக்கியன் மீ என்று கேட்டால் பினாங்கில் சிவப்பான இறால் சூப்பு வரும், கேஎல்லில் கருப்புச் சோயாவில் பிரட்டிய தடித்த மீ வரும். இரண்டிலும் பன்றி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயிலில் சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. காலை ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாடு ஜார்ஜ் டவுனில்.

கடை மூடியிருக்கும் நாட்கள்?

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக முஸ்லிம் கடைகள் பல ஒரு மணிக்கு முன்பே மூடி இரண்டரை வாக்கில்தான் திறக்கும், அந்த நேரத்தில் நாசி கண்டாருக்குத் திட்டம் போடாதீர்கள். சீனப் புத்தாண்டில் முதல் இரண்டு நாள் அரசு விடுமுறை, கடைகள் பல ஒரு வாரம் வரை திறப்பதில்லை. தீபாவளிக்கு நம் கடைகளும் அப்படித்தான். நோன்பு மாதத்தில் பகலில் மலாய்க் கடைகள் பெரும்பாலும் இருக்காது, ஆனால் அதுதான் சாப்பாட்டு ரசிகர்களுக்கு நல்ல மாதம்: மாலை நான்கு மணிக்கு மேல் பேட்டைக்குப் பேட்டை ரமலான் பசார், வருஷத்தில் வேறு எப்போதும் கண்ணில் படாத பலகாரங்கள் வரிசையாக இருக்கும். நோன்பு திறக்கிற ஏழேகால், ஏழரை மணி வாக்கில் முன்பதிவு இல்லாமல் எந்தப் பெரிய உணவகத்துக்கும் போகாதீர்கள், எட்டரைக்குப் போங்கள், காலியாகிவிடும்.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா, ஐஸ் போடலாமா?

நடுவில் ஓட்டை உள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, நான் தயங்காமல் குடிக்கிறேன். குழாய்த் தண்ணீரை நேரே குடிக்க வேண்டாம். வயிறு கெடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் கிருமி இல்லை, முதல் நாளே மூன்று வகைச் சம்பலைச் சாப்பிட்டதுதான்.

இரவு பதினொரு மணிக்கு கேஎல்ஐஏ விமான நிலையத்தில் இறங்குகிறேன். அதற்கு மேல் என்ன கிடைக்கும்?

விமானத்தில் தருவதைச் சாப்பிடாமல் வாருங்கள். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் முதல் முனையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடம், கடைசி ரயில் நேரத்தை மட்டும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தவறினால் கிராப். பையை அறையில் போட்டுவிட்டுப் பக்கத்து மாமாக் கடைக்கு இறங்குங்கள், 24 மணி நேரக் கடைகள் ஊர் முழுக்க உண்டு. அந்த நேரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற கறிகளைத் தொடாதீர்கள், அவை மதியத்திலிருந்து அங்கேயே இருக்கின்றன. அடுப்பில் புதிதாகச் செய்து தருவதைக் கேளுங்கள்: மேகி கோரேங் (பிரட்டிய மேகி நூடுல்ஸ்) ஒன்று, மேலே பொரித்த முட்டை, பக்கத்தில் தே ஓ லிமாவ் (எலுமிச்சைத் தேநீர்). காலையில் கூட்டம் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு, ஒன்பதுக்குள் நாசி லெமாக் மேசை எங்கே போடுவார்கள் என்று அந்த அண்ணனிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.